மூடிய உறையும் ஒரு வினைமுற்றும்

தமிழ் வகுப்பில் காலம் காட்டும் இடைநிலைகளைக் கற்பித்துக் காலம் தள்ளும் நமக்கு, நாட்டின் இராணுவ இரகசியங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியா வாங்கிய போர் விமானங்களைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று, ஒரு வினைமுற்றின் காலத்தில் இடறி விழுந்தது. ஆகவே இலக்கண ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு சொல் சொல்ல இடமுண்டு என்றே கருதுகிறோம்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். பிரான்சிடமிருந்து 36 ரஃபேல் விமானங்களை வாங்குவதற்கான ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்தாயிற்று. ஒரு விமானத்தின் அடிப்படை விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்று அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. ஆனால் இந்தியாவுக்கென்றே சேர்க்கப்பட்ட கருவிகளோடு கூடிய முழு விலையைக் கேட்டபோது, 2008 இல் இரு நாடுகளும் செய்துகொண்ட இரகசியக் காப்பு உடன்பாட்டைக் காரணம் காட்டி மறுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது விலை விவரம் மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் அளிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதன் படி தரப்படவில்லை.

2018 டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பின் 25 ஆம் பத்தியில் ஒரு செய்தி இருந்தது. விலை விவரங்கள் தலைமைத் தணிக்கையாளருக்குத் தரப்பட்டன. அவருடைய அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது. அதன் ஒரு பகுதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது என்பது அதன் சாரம். அன்றைய தேதியில் அப்படி ஓர் அறிக்கை வெளிவந்திருக்கவே இல்லை! குழுவின் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே, தாம் அப்படி எதையும் பார்த்ததில்லை என்றார். மறுநாளே அரசு திருத்த மனு போட்டது. உறைக்குள் இருந்த குறிப்பில் தாங்கள் வழக்கமான நடைமுறையைத்தான் விவரித்திருந்ததாகவும், நீதிமன்றம் அதை நடந்து முடிந்ததாகப் பொருள்கொண்டுவிட்டதாகவும் அரசு சொன்னது.

தமிழில் சொல்வதானால், 'குழு ஆராயும்' என்பது 'குழு ஆராய்ந்தது' ஆகிவிட்டது. முன்னது வழக்கம், பின்னது முடிந்துபோன செயல். முக்காலத்துக்கும் பொதுவான செயலை எந்த வினையால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தனியே விதி வகுத்தது வெறும் பண்டிதத்தனம் அன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

பிழை எழுதியவருடையதா, படித்தவருடையதா என்ற ஆராய்ச்சியில் நமக்கு அக்கறை இல்லை. அது ஏன் முன்பே பிடிபடவில்லை என்பதே கேள்வி. எதிர்த் தரப்பின் இளம் வழக்கறிஞர் ஒருவர் அந்தக் குறிப்பை ஒருமுறை பார்த்திருந்தால், 'அந்த அறிக்கை எங்கே?' என்று எழுந்து கேட்டிருப்பார். கேட்க ஆளில்லை. தீர்ப்பு ஊரறிய வெளிவந்ததும் அதே பிழை சில மணி நேரத்தில் அகப்பட்டது. அகப்பட்டும், அந்த வாக்கியம் முறைப்படி திருத்தப்பட்டது 2019 நவம்பர் 14 அன்று வந்த சீராய்வுத் தீர்ப்பில்தான். பதினோரு மாதங்கள்! இடையில் 2019 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்த தணிக்கை அறிக்கை, புதிய விலை முந்தைய பேரத்தைவிட 2.86 விழுக்காடு குறைவு என்றது. விலைகளை மட்டும் மறைத்துவிட்டது. கழித்தல் கணக்கில் இரண்டு எண்களையும் அழித்துவிட்டு விடையை மட்டும் எழுதிவரும் மாணவனுக்கு நாம் எத்தனை மதிப்பெண் போடுவோம்?

இனி நம் ஊருக்கு வருவோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் விடியற்காலையில் வாசலில் வந்து விழும் 'இந்து' நாளிதழை 'மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு' என்று கேலி செய்வது பழைய வழக்கம். 2019 பிப்ரவரி 8 அன்று அந்த நாளிதழில் என். ராம் வெளியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பு, பிரதமர் அலுவலகம் தனியே பேச்சு நடத்தியதை அமைச்சக அதிகாரிகள் 2015 நவம்பரிலேயே ஆட்சேபித்திருந்ததைக் காட்டியது. ஊழல் தடுப்பு விதிகள் தளர்த்தப்பட்டதையும், பேச்சுவார்த்தைக் குழுவில் மூவர் மாறுபட்டு எழுதியதையும் அடுத்தடுத்த ஆவணங்கள் வெளிப்படுத்தின.

முதல் ஆவணத்தில் ஒரு குறை இருந்தது. அதன் அடியில் அன்றைய அமைச்சர் மனோகர் பாரிக்கர், அந்த ஆட்சேபம் மிகையானது என்ற பொருளில் எழுதிய குறிப்பு அச்சான பக்கத்தில் இல்லை. இது சிறிய குறையன்று. ஆனால் அன்றே முழுப் பக்கமும் வேறு வழியில் வெளிவந்து, அந்த நாளிதழும் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. வெளிச்சத்தில் செய்த குறை ஒரே பொழுதில் அம்பலமாயிற்று. உறைக்குள் நேர்ந்த பிழையோ உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. நாம் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

அரசின் மறுமொழி என்ன? ஆவணங்கள் திருடப்பட்டவை என்றும், 1923 ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் பாயும் என்றும் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் மார்ச் 6 அன்று நீதிமன்றத்தில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, அவை நகல்கள் என்று தாம் கூறியதாக விளக்கினார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் ஆட்சேபத்தை நிராகரித்தது. இரகசியம் எனக் குறியிட்ட ஆவணத்தை வெளியிடுவதைத் தடுக்க அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் எதையும் தரவில்லை என்றது. அமெரிக்காவின் பென்டகன் ஆவணங்கள் வழக்கில் 1971 இல் வந்த தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது.

இதனால் வழக்கு வென்றுவிடவில்லை. நவம்பரில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. ஊழல் நிரூபணமானது என்று நாமும் சொல்லவில்லை. இதைக் கட்சிச் சண்டையாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம்: 1988 இலும் 1989 இலும் போஃபர்ஸ் பீரங்கிப் பேர ஆவணங்களை வெளியிட்டதும் இதே நாளிதழ்தான். அன்று சங்கடப்பட்டது காங்கிரஸ்.

எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்க முடியாது. விமானத்தின் ரேடார் எவ்வளவு தொலைவு பார்க்கும், எதிரியின் ஏவுகணையை எப்படி ஏமாற்றும் என்பவை காக்கப்பட வேண்டிய இரகசியங்களே. கருவிகளின் விலையிலிருந்தே திறனை ஊகிக்கலாம் என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் யார் பேரம் பேசினார், யார் ஆட்சேபித்தார், எந்த விதி நீக்கப்பட்டது என்பவற்றால் எந்த எதிரியும் ஒரு விமானத்தையும் வீழ்த்திவிட முடியாது. விமானம் எப்படிப் பறக்கிறது என்பது படையின் இரகசியம். அதை எப்படி வாங்கினோம் என்பது வரி கட்டுபவனின் கணக்கு.

போர்க்காலத்து மௌனத்தையும் நாம் புரிந்துகொள்கிறோம். 2025 மே மாத மோதலின்போது அரசு தன் விமான இழப்புகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதில் தவறில்லை. ஆனால் இழப்பு உண்டு என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் ஒப்புக்கொண்டது மே 31 அன்று, சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடம். எத்தனை என்பதைச் சொல்லவில்லை. சண்டை நின்று மூன்று வாரமான பின்பும் சொந்த நாடாளுமன்றத்துக்கு முன்பாகச் சிங்கப்பூருக்குத் தெரியவந்தது என்றால், அந்த மௌனம் யாரிடமிருந்து எதைக் காத்தது?

நல்லவேளையாக, நீதிமன்றமே ஒரு வழி காட்டியிருக்கிறது. மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று வந்த தீர்ப்பு, மூடிய உறை முறை இயற்கை நீதிக்கு முரணானது என்று கண்டித்தது. இரகசியம் காத்தே தீர வேண்டிய இடத்தில், அரசின் கோரிக்கையைச் சோதிக்க நீதிமன்றம் தனக்குத் துணையாக ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, அவரை அந்த ஆவணத்தைப் பார்க்கச் செய்யலாம் என்றது. இதை விதிவிலக்காக விடாமல், படைக்கலக் கொள்முதல் வழக்குகள் அனைத்திலும் கட்டாய விதியாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மெய்ப்புத் திருத்தியவர்கள் அறிவார்கள்: எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. இரண்டாவது ஒரு கண் வேண்டும்.