ரெண்டாவது சாவி

இந்த வாரம் ஜாலி மேட்டர் இல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.

எனக்கு ஊர் திண்டுக்கல், நாகல் நகர். ஒன்பதாம் வகுப்புல பசங்க எல்லாருக்கும் குரல் உடைஞ்சது. எனக்கு மட்டும் உடையல. செய்யுள் ஒப்பிக்க எழுந்து நின்னா போதும், கடைசி பெஞ்சிலிருந்து அதே கீச்சுக்குரலில் எக்கோ வரும். பட்டப்பேர் 'ஒம்போது'. அட்டெண்டன்ஸில் ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டாலே மொத்த கிளாஸும் என்னைத் திரும்பிப் பார்க்கும். (என் நம்பர் இருபத்தி மூணு!)

நான் என்ன பண்ணினேன்? பேச்சைக் குறைச்சேன். இன்டர்வெல்லில் பாத்ரூம் பக்கம் போனா மாட்டிக்குவோம்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டேன். "ஏன்டா பாட்டில் அப்படியே இருக்கு?"ன்னு அம்மா கேட்டா, "மறந்துட்டேம்மா!"

அதை மாத்தினது ஒரே ஒருத்தன். எங்க தெருப் பையன். ஒருநாள், "இங்க உக்காருடா"ன்னு தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அட்வைஸ் எதுவும் பண்ணல. இன்டர்வெல்லுக்குக் கூடவே வந்தான், அவ்வளவுதான். அப்புறம் யார், என்னிக்கு, என்ன சொன்னாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி, ரெண்டு பேருமா கணக்கு சார்கிட்ட குடுத்தோம். கேலி ஒரே நாளில் நின்னுடல. ஆனா நான் தண்ணி குடிக்க ஆரம்பிச்சேன்.

நர்த்தகி நடராஜ் பத்திப் படிச்சப்போ எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. மதுரையில் பிறந்தவர். பெண் சாயல் இருக்குன்னு சின்ன வயசிலேயே ஏகப்பட்ட கேலி. அப்போ கூடவே இருந்தது தோழி சக்தி. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கத்துக்கப் போனப்பவும் அதே சக்தி கூட இருந்தார். 2019-ல் நர்த்தகிக்கு பத்மஸ்ரீ. அந்த விருது வாங்கிய முதல் திருநங்கை அவர்தான்!

இப்போ என் தப்பைச் சொல்லணும். போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் நடக்குற மாதிரியே எங்க செட்டுல ஒருத்தன் நடந்து காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்! எங்கே அடுத்து என் பக்கம் திரும்பிடுவாங்களோங்கிற அதே பழைய பயம். அந்தப் பையன் சாப்பாட்டைப் பாதியில் வச்சிட்டு எழுந்து போயிட்டான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் தட்டை எடுத்துட்டுப் போய் அவன் எதிர்ல உக்காந்தேன். ஸாரி சொன்னேன். அவன் பதில் பேசல. நாலாவது நாள்தான், "அண்ணா, அந்த சட்னியைக் கொஞ்சம் தள்ளுங்க"ன்னான்.

மேட்டர் தெரியாதவங்களுக்கு: 2016-ல் யுஜிசி தன் ராகிங் விதிகளைத் திருத்தியது. பாலினம், தோற்றம், சாதி, மொழி, ஊர்னு எதை வச்சு ஒரு மாணவரை மனசளவில் நோகடிச்சாலும் அது ராகிங்தான். 'சும்மா கலாய்ச்சோம் சார்'ங்கிற கதை செல்லாது. புகார் சொல்ல 1800-180-5522. ஸ்கூல் படிக்கிற தம்பி, தங்கச்சிக்கு 14417 அல்லது 1098.

எங்க ஊர் பூட்டு ஃபேமஸ். வாங்கினா ரெண்டு சாவி தருவாங்க. கேலிக்குப் பயந்து மனசைப் பூட்டி வச்சிருக்கீங்களா? பரவாயில்ல. ரெண்டாவது சாவியை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. இன்னிக்கு மெஸ்ஸில் யாராவது தனியா சாப்பிட்டா, அவங்க எதிர்ல போய் உக்காருங்க.