டெண்டரில் இல்லாத பூட்டு

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்துக்குள்ளேயே சுயேச்சையாக இயங்கும் தணிக்கைப் பிரிவு ஒன்று உண்டு. 2014 நவம்பரில் அது ஓர் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு பாதுகாப்பு அனுமதியைப் புதுப்பித்திருக்க வேண்டிய 21 கணினி அமைப்புகளில் 11, செல்லுபடியாகும் அனுமதி இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன என்றது அறிக்கை. அலுவலகத்தின் 47 முக்கியப் பயன்பாடுகளில் ஒன்றுகூட, ஊழியர் தன் அரசு அடையாள அட்டையைச் செருகினால்தான் திறக்கும் என்ற நிலையில் இல்லை. அனுமதி இல்லாதவற்றை மூடிவிடுவது பற்றிப் பரிசீலியுங்கள் என்று தணிக்கையாளர்கள் எழுதினார்கள். தணிக்கை மொழியில் இதைவிடக் காரமாக எழுத முடியாது. அலுவலகம் மூடவில்லை. மூடினால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்பது பின்னாளில் அதன் இயக்குநர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அறிக்கை வெளிவந்தபோது திருட்டின் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்குரிய நுழைவுப் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு 2014 மே மாதமே ஊடுருவல்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். ரகசியப் பணிகளுக்கு விண்ணப்பித்தவர்களின் பின்னணி விசாரணைக் கோப்புகள் அந்தக் கோடையிலேயே வெளியேறின. டிசம்பரில் பணியாளர் பதிவேடுகள் போயின, அடுத்த மார்ச்சில் கைரேகைகள். 2015 ஏப்ரலில்தான் விஷயம் பிடிபட்டது. மொத்தம் 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணித் தகவல்களும் 56 லட்சம் பேரின் கைரேகைகளும் பறிபோயிருந்தன. பின்னணி விசாரணைக்கான படிவம் அப்போது 127 பக்கம். பழைய கடன், மனநல சிகிச்சை, போதைப் பழக்கம், வெளிநாட்டு நண்பர்கள் என்று ஒரு மனிதரை மிரட்டத் தேவையான எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் படிவம் அது. கடவுச்சொல்லையாவது மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது.

அரசு மென்பொருள் திட்டங்களில் பாதுகாப்பு விதிமுறை என்ற பேச்சை எடுத்தாலே, அது ஏட்டுச் சுரைக்காய் என்று சிரிப்பவர்கள் உண்டு. பட்டியலில் டிக் அடித்தால் திருடன் வராமல் இருந்துவிடுவானா என்பது அவர்கள் கேள்வி. இந்தச் சம்பவம் அந்தக் கிண்டலுக்கு வலு சேர்ப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது நேர் எதிரானதைச் சொல்கிறது. இங்கே ஏடு பொய் சொல்லவில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதைத் தணிக்கையாளர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். அரசு ஊழியர்களுக்கெல்லாம் ஒரே தரமான அடையாள அட்டை வேண்டும் என்ற ஜனாதிபதி உத்தரவு 2004ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பத்து வருடம் கழித்தும், கோப்புகள் இருந்த பயன்பாடுகளைத் திறக்க அந்த அட்டை கட்டாயமாகவில்லை. திருட்டு பிடிபட்ட அதே ஏப்ரலில் அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைமை செய்த காரியம் இன்னும் விசித்திரமானது. அனுமதி ஏற்கெனவே காலாவதியான அமைப்புகள் எல்லாவற்றுக்கும், 2016 செப்டம்பருக்குள் காலாவதியாகவிருந்தவற்றுக்கும் நீட்டிப்பு வழங்கி ஒரு குறிப்பாணை வந்தது. ஒரே தாளில் எல்லாம் சட்டப்படி சரியாகிவிட்டது.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது? 2002இல் அமெரிக்கா இயற்றிய கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் கீழ் தேசியத் தர நிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’ ஒரு நடைமுறையை வகுத்தது. ஓர் அமைப்பு உடைந்தால் எவ்வளவு சேதம் என்று பார்த்து அதைத் தாழ்வு, நடுத்தரம், உயர்வு என்று முதலில் தரம் பிரிக்க வேண்டும். தரத்துக்கு ஏற்றபடி கட்டுப்பாடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பொருத்த வேண்டும், சோதிக்க வேண்டும். மிச்சமிருக்கும் அபாயத்தை ஒரு மூத்த அதிகாரி படித்துப் பார்த்து, இதை நான் ஏற்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் இயங்கும் அனுமதி. கட்டுப்பாடுகளின் பட்டியலுக்கு 800-53 என்று பெயர். 2005இல் முதல் பதிப்பு வந்தது. 2020இல் வந்த ஐந்தாம் திருத்தத்தில் 20 பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுப்பாடுகளும் அவற்றின் கூடுதல் வடிவங்களும் உள்ளன.

வரிசை அழகாக இருக்கிறது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. திட்டம் தொடங்கும்போது பாதுகாப்புக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாம் கட்டி முடித்து, திறப்பு விழா தேதியும் குறித்த பிறகு, அனுமதிக்கு ஒரு கையெழுத்து வேண்டுமே என்று அவரைத் தேடுகிறார்கள்.

ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் இப்படித்தான் வந்தது. 2013 அக்டோபர் 1 திறப்பு நாள். அரசியல் காரணத்தால் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. டஜன்கணக்கான ஒப்பந்ததாரர்களின் துண்டுகளை ஒட்டும் பொறுப்பைப் பொதுக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அரசு மையமே தன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தது. துண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்ததால் முழு அமைப்பையும் ஒருசேர வைத்துப் பாதுகாப்புச் சோதனை செய்ய முடியவில்லை. சோதிக்கப்படாத பகுதிகள் உயர் அபாயமாகக் கருதத்தக்க நிச்சயமின்மையை உண்டாக்குகின்றன என்று உள் குறிப்பே சொன்னது. அனுமதி கொடுக்க வேண்டாம் என்பதே மையத்தின் தகவல் பாதுகாப்புத் தலைவரின் பரிந்துரை. திறப்புக்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 27 அன்று, மையத்தின் நிர்வாகி மேரிலின் டேவனர் ஆறு மாத அனுமதியில் கையெழுத்திட்டார்.

முதல் நாள் அந்தத் தளத்தில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். தளம் முடங்கியதைத்தான் உலகம் பேசியது. பாதுகாப்பைப் பற்றி அப்போது கவலைப்பட்டவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு ஜூலையில் அதன் சோதனை சர்வர் ஒன்றில் யாரோ தீங்குநிரல் ஏற்றினார்கள். அந்த சர்வர் இணையத்தோடு இணைந்திருக்கவே கூடாது, இணைந்திருந்தது. தயாரிப்பாளர் போட்டுக்கொடுத்த கடவுச்சொல் மாற்றப்படவே இல்லை. பொதுமக்களின் தகவல் எதுவும் போகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

டேவனரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்த நாற்காலியில் அந்தத் தேதியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பதே பிரச்சினை. மறுக்க முடியாத கட்டத்தில் ஒருவரிடம் ஒப்புதல் கேட்பது அவரைப் பொறுப்பாளி ஆக்குகிறதே தவிர, அவருக்கு எந்த அதிகாரத்தையும் கொடுப்பதில்லை.

பலவீனமான இணையதளத்தைவிடப் பலவீனமான ஆயுதம் ஆபத்தானது. அமெரிக்க காங்கிரஸுக்காகக் கணக்கும் செயல்பாடும் பார்க்கும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைத் திகில் கதைபோல வாசிக்கலாம். 2012 முதல் 2017 வரை பாதுகாப்புத் துறையே நடத்திய சோதனைகளில், உருவாக்கத்தில் இருந்த ஏறக்குறைய எல்லா ஆயுத அமைப்புகளிலும், பணியையே முடக்கக்கூடிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஒரு சோதனைக் குழு நிர்வாகியின் கடவுச்சொல்லை ஒன்பதே விநாடியில் ஊகித்தது. இரண்டு பேர் கொண்ட இன்னொரு குழு ஒரு மணி நேரத்தில் நுழைந்து, ஒரே நாளில் முழு அமைப்பையும் கைப்பற்றியது. வேறொரு குழு, தொடர்ந்து இயக்க வேண்டுமானால் இரண்டு கால் டாலர் நாணயம் போடவும் என்ற வாசகத்தை இயக்குபவர்களின் திரையில் தோன்றவைத்தது. வீடியோ கேம் கடை நினைவுக்கு வந்தால் அது வாசகரின் தவறல்ல. சிரிப்பை நிறுத்தும் விவரம் வேறு: ஓர் அமைப்பில் முந்தைய சோதனை காட்டிய 20 ஓட்டைகளில் ஒன்று மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது. திட்ட அதிகாரிகளில் சிலர் தங்கள் அமைப்பு பாதுகாப்பானது என்றே நம்பினார்கள். சோதனை முடிவுகள் யதார்த்தமற்றவை என்று ஒதுக்கினார்கள்.

இத்தனை விதிமுறைகளுக்கு நடுவில் இது எப்படி நடந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அதே அலுவலகத்தின் 2021 அறிக்கையில் இருக்கிறது. ஐந்து ஆயுதத் திட்டங்களின் ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில், ஒப்பந்தம் வழங்கப்பட்டபோது இணையப் பாதுகாப்பு பற்றிய தேவை எதுவும் எழுதப்படவில்லை.

கவனம் போக வேண்டிய இடம் இது. ஒப்பந்ததாரர் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. கேட்டதைச் செய்கிறார், கேட்காததைச் செய்தால் அவருக்கு நஷ்டம். பின்னால் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கச் சொன்னால் அது ஒப்பந்தத் திருத்தம். தனி விலை, தனி கால அவகாசம். அதுவும் வடிவமைப்பின் அடியில் இருக்கும் விஷயமானால் விலை கேட்டே அதிகாரி ஒதுங்கிவிடுவார். யார் யார் எதைப் பார்க்கலாம், எந்தச் செயலுக்குப் பதிவு வைக்க வேண்டும், எந்த வலையமைப்பு எதோடு பேசலாம் என்பதெல்லாம் கடைசி வாரத்தில் மாட்டும் உதிரிப் பாகங்கள் அல்ல. பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் இயக்குநர் கேத்தரின் ஆர்ச்சுலெட்டாவிடம், தகவல்களைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கக் கூடாதா என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் கேட்டபோது, வலையமைப்புகள் மிகப் பழையவை, முடியாது என்றார். அந்த விசாரணையில் இன்னொரு அதிகாரி சொன்னது கூடுதல் உண்மை: திருடன் முறையான பயனராக உள்ளே வந்ததால், இந்த விஷயத்தில் குறியாக்கம் உதவியிருக்காது. ஆகவே, ஆயிரம் கட்டுப்பாடுகளையும் போடு என்று டெண்டரில் எழுதிவிடுவதும் தீர்வாகாது. எந்தத் திருட்டுக்கு எந்தப் பூட்டு என்று யோசிக்க வேண்டியவர் பொறியாளர். அவர் யோசிக்க வேண்டிய நேரம் வரைபடம் போடும் நேரம்.

நிஸ்ட் இதைத் தாமதமாகவாவது புரிந்துகொண்டது. 2016இல் வெளியிட்ட 800-160 என்ற வழிகாட்டி, பாதுகாப்பை அமைப்புப் பொறியியலின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வைத்துப் பேசியது. 2018இல் தன் ஆறு படி நடைமுறைக்கு முன்னால் ஏழாவதாக ஒரு படியைச் சேர்த்தது. அதன் பெயர் ‘ஆயத்தம்’. ஆனால் படி சேர்ப்பதும் ஏறுவதும் ஒன்றல்ல. பணியாளர் பின்னணி விசாரணைப் பொறுப்பு இப்போது பாதுகாப்புத் துறையின் ஒரு முகமையிடம் இருக்கிறது. 2024இல் பொறுப்புடைமை அலுவலகம் அங்கே போய்ப் பார்த்தது. ஆயத்தப் படியின் வேலைகள் முழுமையாக நடக்கவில்லை. கட்டுப்பாடுகளைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டியின் பழைய பதிப்பையே பயன்படுத்தியிருந்தார்கள்.

பொறியாளர்கள் தரப்புப் புகாரிலும் நியாயம் இருக்கிறது. மென்பொருளை வாரந்தோறும் மாற்றும் காலத்தில், மாதக்கணக்கில் ஆவணம் சேர்த்து வாங்கும் அனுமதி வந்து சேருவதற்குள் மென்பொருளே வேறாகியிருக்கும். கட்டுப்பாட்டு விளக்கம் என்ற பெயரில் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகளை யாரும் படிப்பதில்லை. அமெரிக்க விமானப்படையின் கெசல் ரன் என்ற மென்பொருள் பிரிவு 2018இல் வேறு வழியில் போனது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அனுமதி கேட்பதை விட்டு, மென்பொருளை உருவாக்கும் குழுவையும் கருவிகளையும் செய்முறையையும் மதிப்பிட்டுத் தொடர் அனுமதி பெற்றது. சோதனை தவறினால் நிரல் வெளியே போகாது. அந்தச் சோதனையின் பதிவே சான்று. 2022இல் பாதுகாப்புத் துறை இதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது: இடைவிடாத கண்காணிப்பு, தாக்குதலுக்கு உடனடி எதிர்வினை, மென்பொருளின் மூலப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் உறுதி. நல்ல பாதைதான். ஆனால் திறமையான குழுவும் பணமும் உள்ள இடத்தில் விளைந்த பயிர் இது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால், அவ்வப்போது வாங்கிய முத்திரையை நிரந்தரமாக வாங்கியதாக ஆகிவிடும்.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கு இந்திய கணினி அவசரகாலக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரிடம் ‘ஏற்றத் தகுந்தது’ என்ற சான்று வாங்கிய பிறகே தேசியத் தகவல் மையத்தின் சர்வரில் ஏற்றுகிறார்கள். தேவையான ஏற்பாடு. ஆனால் இதுவும் வரிசையின் கடைசியில் நிற்கும் சான்றுதான். அதற்குள் அடங்காதவற்றை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது கணினித் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது; மறுநாளே, தன் கணினி ஒன்றில் தீங்குநிரல் இருந்தது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த கணினி. முக்கிய உள் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றது கழகம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, நோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை எல்லாம் பல நாள் காகிதத்துக்குத் திரும்பியது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அமைச்சர் மாநிலங்களவையில் பதில் சொன்னார். ஓர் இடத்தில் பிரித்திருந்தது காப்பாற்றியது, இன்னோர் இடத்தில் பிரிக்காதது கவிழ்த்தது. இணையதளத்தை மட்டும் தட்டிப் பார்க்கும் கடைசி நேரத் தணிக்கை இந்தப் பிரிவினையை உண்டாக்கித் தர முடியாது.

அபராதம் இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பவர்கள் 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். தகுந்த பாதுகாப்பு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். தனியார் நிறுவனத்துக்கு அது வலிக்கும். ஆனால் அபராதத் தொகை போய்ச் சேருவது இந்தியாவின் தொகுப்பு நிதியில். மத்திய அரசுத் துறை ஒன்று கட்டினால் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது. சில அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. எனவே அழுத்தம் பணம் ஒதுக்கும் மேசையிலிருந்துதான் வர முடியும். இந்த அமைப்பு உடைந்தால் யாருக்கு என்ன சேதம், எந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும், அவை இயங்குவதை யார் எப்படிச் சோதிப்பார், சோதனையில் தவறினால் எந்தத் தவணை நிறுத்தப்படும் என்ற நான்கு விவரங்களும் டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது தவணைக்கு முன்பே அனுமதியை மறுக்கும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலரின் பதவிப் பெயரும் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத கோப்பை நிதித் துறை திருப்பி அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.