சுயவிபரக் கோவையில் நீங்கள் எங்கே?



பாடசாலையில் கற்பிக்கும் மௌலவி என்றால், பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் நற்சாட்சிப் பத்திரம் கேட்டுப் பலர் வருவார்கள். 'உறவினரல்லாத இருவர்' என்ற இடத்தில் எமது பெயரைப் போட அனுமதி கேட்போரும் உண்டு. (கேளாமலே போட்டுவிடுவோரும் உண்டு. திடீரென ஒரு கம்பனியிலிருந்து அழைப்பு வர, யாரைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று நாம் தடுமாற, அது பிள்ளைக்கே பாதகமாகிறது.) அப்போது அவர்களுடைய சுயவிபரக் கோவையையும் வாசிக்கக் கிடைக்கிறது.

அதில் வாப்பாவின் பெயர் இருக்கும். அவருடைய தொழில் இருக்கும். இனம், மதம், விவாக நிலை, கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாம் இருக்கும். பிள்ளைக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்பதுதான் இருக்காது. இரண்டாம் பக்கத்தின் அடியில் 'கணினி அறிவு உண்டு' என்ற ஒரு வரியோடு விடயம் முடிந்துவிடும். டவுனில் தட்டச்சு செய்து கொடுக்கும் கடையில் எல்லோருக்கும் ஒரே அச்சு. பெயரும் விலாசமும் மட்டுமே மாறுகின்றன. குவியலாகக் கிடக்கும் விண்ணப்பங்களைப் புரட்டுபவர், முதல் அரைப்பக்கத்தில் தமக்கு வேண்டியது இல்லையென்றால் அடுத்ததை எடுத்துவிடுவார்.

ஒரு சகோதரி வந்திருந்தார். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்தவர். கணவர் சுகயீனமுற்றதால் பத்து வருடங்களின் பின் உத்தியோகம் தேடவேண்டிய நிலை. கணக்கு எழுதுநர் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பினார். 'இவ்வளவு காலமும் வீட்டில் சும்மாதான் இருந்தேன்' என்றார். விசாரித்தபோது, கணவரின் பலசரக்குக் கடைக் கணக்கை நான்கு வருடங்கள் எழுதியவர் அவரே எனத் தெரிந்தது. அஹதிய்யாவில் ஆறு வருடங்கள் கற்பித்துமிருக்கிறார். இவையெல்லாம் சும்மா இருந்ததா? 'பலசரக்குக் கடையொன்றின் நாளாந்த வரவு செலவையும் கடன் கணக்கையும் 4 வருடங்கள் எழுதினேன். மாத இறுதியில் கையிருப்பைச் சரிபார்ப்பதும் எனது பொறுப்பாக இருந்தது' என்ற வரியைத் தலைப்பகுதியிலேயே எழுதச் சொன்னோம். வாப்பாவின் தொழில் கோவையிலிருந்து நீங்கியது.

தன்னைப் பற்றித் தானே எழுதுவது பெருமையாகிவிடாதா எனச் சிலர் கூசுகிறார்கள். நபி யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு மன்னரிடம் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், விடயம் அறிந்தவர் என்ற இரண்டையும் தாமே எடுத்துரைத்தார்கள். தாம் இன்னாரின் மகன் என்றோ, கனவுக்கு விளக்கம் கூறுபவர் என்றோ அவ்விடத்தில் சொல்லவில்லை. களஞ்சியப் பொறுப்புக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னார்கள்.

ஆனால் இல்லாததை எழுதுவது வேறு விடயம். மூன்று மாத கணினி வகுப்பு சிலருடைய கோவையில் டிப்ளோமாவாக மாறிவிடுகிறது. கோவையின் இறுதியில், மேலே கூறிய யாவும் உண்மை என உறுதிப்படுத்திக் கையொப்பமிடுகிறோமே, அது வெறும் சடங்கா? நேர்முகப் பரீட்சையில் மூலச் சான்றிதழைக் கேட்பார்கள். 'ஆங்கிலம் மிக நன்று' என்று எழுதியவரிடம் முதல் கேள்வியே ஆங்கிலத்தில் வரும்.

தையல், பேக்கரி வேலை போன்றவற்றை வீட்டிலிருந்தே பல வருடங்கள் செய்து, சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்கள் நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரித்துப் பாருங்கள். வகுப்புக்குப் போகாதவரின் தொழில் அனுபவத்தைப் பரிசோதித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையொன்று அங்குண்டு. வெறுமனே 'தைக்கத் தெரியும்' என்பதைவிட அது கோவைக்குப் பலம்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கண்ட கண்ட விளம்பரங்களுக்கெல்லாம் அனுப்பவேண்டாம். பிறந்த ஆண்டும் நாளும் அந்த இலக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு நாட்கணக்கோடு 500 கூட்டப்பட்டிருப்பதால், பெண் என்பதும் தெரிந்துவிடும். தொழில் தருபவர் உண்மையானவர் என்று தெரிந்தபின் கொடுத்தால் போதும்.

தொலைபேசி இலக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் நானாவின் அல்லது கணவரின் இலக்கத்தைப் போடுவது வழக்கம். அழைப்பு வரும்போது அவர் சந்தையில் நிற்பார். 'பிறகு எடுங்க' என்பார், மறந்தும் போவார். அவர்கள் பிறகு எடுக்கமாட்டார்கள். உங்கள் சொந்த இலக்கத்தையே போடுங்கள். அது முடியாதென்றால், எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதை அந்த இலக்கத்துக்குரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இவையெல்லாம் தனியார் துறைக்கு. அரசாங்க உத்தியோகமென்றால் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் உள்ள மாதிரிப் படிவத்தை அப்படியே பின்பற்றவேண்டும். அங்கே வாப்பாவின் பெயர் கேட்டிருந்தால் எழுதத்தான் வேண்டும். தபாலில் அனுப்பக் கேட்டிருந்தால், கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, முடிவுத் திகதிக்கு ஒரு வாரம் முன்னரே பதிவுத் தபாலில் சேர்த்துவிடுங்கள். தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டு பத்திரம்.