பூட்டில்லாத காடு

“காடு யாருக்குச் சொந்தம்?”

தேநீர்க் கடையிலே அமர்ந்திருக்கும் நாலு பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! “சர்க்காருக்குச் சொந்தம்” என்பார் ஒருவர். “கான்ட்ராக்டருக்குச் சொந்தம்” என்று கண்ணைச் சிமிட்டுவார் மற்றொருவர். “யானைக்கும் புலிக்கும் சொந்தம், அங்கே நமக்கென்ன வேலை?” என்று கையை விரிப்பார் மூன்றாமவர். “எனக்குச் சொந்தம்!” என்று நான்காமவர் மார்தட்டிச் சொல்வாரா? சொல்லமாட்டார். சொன்னால், குடித்த தேநீரிலே ஏதோ கலந்துவிட்டது என்றுதான் மற்ற மூவரும் எண்ணுவர்!

அமெரிக்க நாட்டிலே, ஆலையிலே பாடுபடும் ஒரு தொழிலாளி, “எனக்குச் சொந்தம்” என்று சொல்ல முடியும். டாலர் கோலோச்சும் நாடு அது. மருந்துக்கு விலை, படிப்புக்கு விலை, படுத்துறங்கும் அறைக்கும் விலை. அப்படிப்பட்ட நாட்டிலே, கோடிக்கணக்கான ஏக்கர் காடு, சீமான்களின் கைக்குப் போகாமல் பொதுச் சொத்தாக நிற்கிறதே, எப்படி? நிறுத்தியவர் யார்? எத்தனை நாளைக்கு நிற்கும்? இதை நாம் ஆராய்வது அமெரிக்காவுக்கு ஆலவட்டம் வீச அன்று. அந்தக் கதையிலே நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலிலே கணக்கைப் பாருங்கள். 154 தேசியக் காடுகள். 20 தேசியப் புல்வெளிகள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். நமது தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு நிலம்! அத்தனையும் பொதுமக்களின் உடைமை என்கிறது சட்டம்.

சொத்து உண்டு, சரி, அனுபவிக்க முடிகிறதா? அதுதானே கேள்வி!

வார வேலை முடிகிறது. தொழிலாளி தன் பழைய காரிலே கூடாரத் துணியையும் ரொட்டியையும் போட்டுக்கொண்டு, மனைவி மக்களுடன் கிளம்புகிறான். காட்டின் எல்லையிலே, காட்டின் பெயர் எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. “யார் நீ? யாருடைய சிபாரிசு?” என்று கேட்பாரில்லை. பெரும்பாலான காடுகளிலே நுழைவுக் கட்டணமும் இல்லை. குழாய்த் தண்ணீரும் கழிப்பிடமும் உள்ள முகாம் திடலானால் வாடகை உண்டு. மரத்தடியே போதும் என்பவன், தடை இல்லாத இடத்திலே காசின்றிக் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை தங்கலாம்.

பார்த்துவிட்டு மட்டும் அவன் திரும்புவதில்லை. குளிர்காலத்துக்கு விறகு வேண்டுமா? காட்டு அலுவலகத்திலே பர்மிட் வாங்கி, விழுந்து கிடக்கும் மரத்தை அறுத்து எடுத்துப் போகலாம். கிறிஸ்துமசு மரம் வேண்டுமா? பல காடுகளிலே சில டாலர் கட்டிச் சீட்டு வாங்கித் தானே வெட்டிக்கொள்ளலாம். மாநில உரிமச் சீட்டு இருந்தால், பருவத்திலே மான் வேட்டை, ஓடையிலே தூண்டில். மாட்டுக்காரர் கட்டணம் கட்டி மேய்க்கிறார். மரக் கம்பெனிக்காரர் விலை கொடுத்து வெட்டுகிறார்.

“தேசியப் பூங்கா என்கிறார்களே, அதுதானா இது?” என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு விளக்கம். பூங்கா வேறு, காடு வேறு. யெல்லோஸ்டோன் போன்ற பூங்காக்களில் இயற்கையை அப்படியே காப்பதுதான் முதல் நோக்கம். தேசியக் காடோ விவசாய இலாகாவின் கீழ் இருப்பது. பயன்படுத்திக்கொண்டே காப்பது அங்கே கொள்கை. பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்வளம், விலங்கும் மீனும் என்று ஐந்து பயன்களை 1960ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்தியது. எந்தப் பயனும் நாளைய தலைமுறையின் பங்கைத் தின்றுவிடக் கூடாது என்றும் விதித்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி சென்று, சில பகுதிகளிலே சாலையும் கூடாது, மோட்டாரும் கூடாது என்று தடுத்தது. கோடீசுவரனே ஆனாலும் அங்கே கார் நுழையாது; கால்நடைதான்!

உரிமை மட்டுமா? கடமையும் உண்டு. கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வரவேண்டும். ஓடைக்கு ஒட்டி முகாம் போடலாகாது. அடுப்பை அணைத்துவிட்டோம் என்று வாயாலே சொன்னால் போதாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, சாம்பலைக் கையால் தொட்டு, சூடில்லை என்று கண்ட பிறகே நகரவேண்டும். அந்நாட்டுக் காட்டுத் தீயிலே பெரும்பாலானவை மனிதன் மூட்டியவை. அதனால்தான் 1944 முதல் ‘ஸ்மோக்கி’ என்ற கரடிப் படத்தைக் காட்டி, குழந்தைகளுக்குக்கூட இதைப் போதிக்கிறார்கள்.

இனி, இந்தச் சொத்து எப்படி வந்தது என்று காண்போம்.

19ஆம் நூற்றாண்டிலே கோடரிக் கோமான்கள் அந்நாட்டைக் கொள்ளையடித்தார்கள். ஒரு மலையை மொட்டையடித்துவிட்டு, அடுத்த மலைக்குப் போனார்கள். மொட்டை மலையிலே மண் சரிந்தது. ஆற்றிலே வெள்ளம் வந்தது. வெட்டியவன் மாளிகையிலே இருந்தான். வெள்ளத்திலே நின்றவன் ஏழை. 1891இல் வந்த சட்டம், காட்டை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. 1905இல் காட்டு இலாகா அமைந்தது. முதல் தலைவர் கிஃபர்டு பின்ஷோ.

கோமான்கள் சும்மா இருப்பார்களா? 1907இல் மேற்கத்திய ஆறு மாநிலங்களிலே குடியரசுத் தலைவர் இனிப் புதிய காடுகளை ஒதுக்கக் கூடாது என்ற விதியை, விவசாய இலாகாவின் பண மசோதாவோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். கையெழுத்திட மறுத்தால் இலாகாவுக்குப் பணமில்லை. இட்டால் காடு இல்லை! தியோடர் ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? கையெழுத்திட இருந்த சில நாள் அவகாசத்திலே, பின்ஷோவும் அவர் ஆட்களும் இரவு பகலாக வரைபடங்களைப் பரப்பி எல்லை வரைந்தார்கள். 1 கோடியே 60 லட்சம் ஏக்கர் காட்டுக்கு அறிவிப்பு வெளியாயிற்று. அதன் பிறகே மசோதாவிலே கையெழுத்து விழுந்தது! குறுக்குச் சட்டத்துக்குக் குறும்பான பதில்.

ஆனால், தோழர்களே, காகிதத்திலே கோடு போட்டவர்கள் பெரிய மனிதர்கள். காட்டிலே வியர்வை சிந்தியவர்கள் நம்மைப் போன்றவர்கள். 1910 ஆகஸ்ட்டிலே, இடாகோ, மொன்டானா பகுதிகளிலே இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கரைத் தீ தின்றது. தீயோடு போராடியவர்களில் 78 பேர் மாண்டனர். எட் புலாஸ்கி என்ற காட்டு அதிகாரி, தன் ஆட்களைப் பழைய சுரங்கக் குகைக்குள் ஓட்டிச் சென்று, வாயிலை ஈரப் போர்வையால் மறைத்து, பெரும்பாலோரை உயிரோடு மீட்டார். ஒருபுறம் கோடரி, மறுபுறம் கொத்து என்று அமைந்த ஒரு கருவி, அவர் பெயராலேயே தீயணைப்போர் கையில் இன்றும் இருக்கிறது.

1933இல், வேலையற்ற இளைஞர் தெருவிலே நின்றபோது, அரசு அவர்களைக் காட்டுக்கு அழைத்தது. மாதம் 30 டாலர். அதிலே ஏறத்தாழ 25 டாலர் வீட்டுக்கு. 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்கள் பாதை வெட்டினார்கள், முகாம் திடல் அமைத்தார்கள், 300 கோடி மரம் நட்டார்கள். இன்று கூடாரத்தோடு வருகிறவன் நடப்பது பல இடங்களில் அந்த ஏழைப் பிள்ளைகள் வெட்டிய பாதை!

கறை இல்லாத கதையா இது? கறையை மறைத்து எழுதும் பழக்கம் நமக்கில்லை. அந்த முகாம்களிலே கறுப்பின இளைஞருக்குத் தனி முகாம்! மரம் நடவந்த இடத்திலும் நிறவெறி. ‘பொது’ என்று பெயரிட்ட நிலம், செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்ட ஆதிக்குடிகளின் நிலம். தாவோசு மக்கள் புனிதமாகப் போற்றிய நீல ஏரியை 1906இல் தேசியக் காட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். விலை தருகிறோம் என்றார்கள். பணம் வேண்டாம், ஏரி வேண்டும் என்று அந்த மக்கள் விடாமல் போராடினார்கள். 1970இல் 48,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பியது. 64 ஆண்டுப் பொறுமை! பொதுச் சொத்து என்ற பெயரிலே எளியவனின் சொத்தைப் பறிப்பதும் நடக்கும் என்பதற்கு, அந்த ஏரியே சாட்சி.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025 ஜூன் மாதம். யூட்டா மாநிலத்து செனட்டர் மைக் லீ ஒரு திட்டம் கொண்டுவந்தார். மேற்கத்திய மாநிலங்களிலே 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை, தேசியக் காட்டு நிலம் உட்பட, விற்கவேண்டுமாம்! ஏன்? வீடு கட்ட! வீடு என்று சொன்னால் ஏழையின் வாய் அடைபடும் என்ற எண்ணம் போலும்.

வாய் அடைபடவில்லை. வேட்டைக்காரன் எழுந்தான். தூண்டில்காரன் எழுந்தான். மலையேறுகிறவன் எழுந்தான். கட்சி பார்க்கவில்லை, செனட்டரின் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தனர். முதலில் தேசியக் காட்டு நிலத்தை விலக்கினார்கள், எதிர்ப்பு அடங்கவில்லை. ஜூன் 28ஆம் நாள், திட்டமே திரும்பப் பெறப்பட்டது.

ஏன் எழுந்தார்கள்? அவர்கள் அங்கே போயிருந்தார்கள், அதுதான் காரணம். அந்த ஓடையிலே அப்பன் தூண்டில் போடக் கற்றுத் தந்தான். அந்த மரத்தடியிலே பிள்ளை முதன்முதலாக நட்சத்திரம் எண்ணினான். கால் பட்ட மண்ணைக் கைவிட மனம் வராது. கண்ணால் காணாத சொத்தை எவன் விற்றாலும் நமக்குத் தெரியாது, தெரிந்தாலும் வலிக்காது. மக்கள் புழங்கும் காட்டுக்கு மக்களே வேலி!

இங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது. பின்ஷோ இளைஞராக இருந்தபோது தேடிப்போய்ப் பாடம் கேட்ட ஆசான், டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். அந்த பிராண்டிஸ், 1864 முதல் 1883 வரை இந்தியக் காட்டு இலாகாவின் தலைவராக இருந்தவர்; சென்னை மாகாணக் காட்டு நிர்வாகத்துக்கும் யோசனைகள் எழுதித் தந்தவர். கிராமத்துக்கென்று காடு வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. ஆனால் அன்னிய ஆட்சி அவரிடம் பூட்டை வாங்கிக்கொண்டது. சாவியைக் கிராமத்துக்குத் தர மறுத்தது. 1882ஆம் ஆண்டு சென்னைக் காட்டுச் சட்டத்தின்படி, காப்புக்காட்டிலே அனுமதியின்றிக் கால் வைத்தால் அத்துமீறல். ஆடு மேய்த்தால் குற்றம். 1947இல் வெள்ளைக்காரன் போனான். அவன் செய்த சட்டம், தமிழ்நாட்டுச் சட்டம் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது! ஒரே ஆசானின் பள்ளியிலிருந்து இரு காடுகள்: அங்கே ‘வா’ என்றது, இங்கே ‘நில்’ என்றது.

எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. நம் காடு யானை நடக்கும் காடு, புலி உலவும் காடு. அங்குள்ள பரப்பும் நமக்கில்லை. 2018இல் குரங்கணி மலைத் தீயிலே மலையேறச் சென்றவர்கள் மாண்டதையும் மறக்கவில்லை. ஒழுங்கு வேண்டும், ஒழுங்கின் பெயரால் ஒதுக்கக் கூடாது என்பதே நமது வாதம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்வோருக்கு நிலத்திலும் தேனிலும் கடுக்காயிலும் உரிமை உண்டு என்கிறது. கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. ஏட்டிலே உள்ளது காட்டிலே நடக்கிறதா என்று கேட்கவேண்டியவர் யார்? நாம்தான்.

தோழர்களே! அடுத்த முறை பிள்ளைகளோடு மலைப் பக்கம் போகும்போது, அது யாரோ ஒருவருடைய இடம் என்று கூனிக் குறுகி நிற்காதீர்கள். குப்பை போடாதீர்கள், தீக்குச்சி வீசாதீர்கள். பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: “இது நம்முடையது, காப்பதும் நம் வேலை.” அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை, நாளை எவனாவது விலைச்சீட்டோடு வந்து நின்றால், தேநீர்க் கடையிலே அந்த நான்காம் ஆளாக எழுந்து நிற்பான்.