வீரர் பலர் கூடும் படக்கதை

சென்ற தவணையில் ஒரு நாள், பத்தாம் வகுப்பிலே நாம் புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவனின் இலக்கணக் கொப்பி வழமையிலும் சற்றுப் பருத்துத் தோன்றியது. அருகிற் சென்று நோக்கினோம். கொப்பியினுள்ளே ஆங்கிலப் படக்கதைத் தொகுதியொன்று விரிந்து கிடந்தது. செம்மஞ்சட் கற்களை அடுக்கிச் செய்தாற்போன்ற பேருருவம் ஒன்று அப்பக்கத்திலே மழையில் நனைந்தபடி தனியே நின்றது. நூலை வாங்கி எமது மேசை இலாச்சியில் இட்டுப் பூட்டினோம். ஆசிரியர் எவரும் செய்யும் காரியந்தான்.

இரண்டு நாள் கழித்து மாணவனின் தகப்பனார் வந்தார். கனடாவிலுள்ள மைத்துனர் அனுப்பிய நூல் அஃதென்றும், அது வந்த நாள்தொட்டு மகனுக்கு வேறெதிலும் கருத்தில்லை என்றும், நாம் சம்மதித்தால் அதனை அடுப்பிலே போடவும் தாம் ஆயத்தமென்றும் கூறினார். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ, மாஸ்ரர்" என்றார். தாம் வாசியாத நூலைப்பற்றித் தீர்ப்புக் கூறுவது தமிழாசிரியருக்கு அழகன்று. ஒரு கிழமை தவணை கேட்டோம். கிழமை மாதமாயிற்று. அந்நூலோடு நில்லாது அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் மாணவர்களிடமே இரவல் பெற்று வாசித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அதிமானுட வீரர் பலர் ஒரு கூட்டமாகச் சேரும் கதைகள் அமெரிக்காவிலே 1940ஆம் ஆண்டிற் பிறந்தன. 'ஓல் ஸ்ரார் கொமிக்ஸ்' என்னும் இதழின் மூன்றாவது வெளியீட்டில், அதுகாறும் தனித்தனியே உலாவிய வீரர்கள் 'நீதிச் சங்கம்' எனப் பெயர் சூடி ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அமர்ந்து யாது செய்தனர்? ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் வீரச்செயலை எடுத்துரைத்தனர். ஒருவர் கதையைக் கிழித்தெறிந்தாலும் அடுத்தவர் கதைக்கு யாதொரு குறையும் நேராது. இருபதாண்டு கழித்து, 1960இல் தோன்றிய 'நீதிக் கழக'மும் முதற் கதையிலே சிறு சிறு பிரிவுகளாகப் பிரிந்து சென்றே நட்சத்திர மீன் வடிவான பகைவனை எதிர்த்தது. பூட்டுக்கேற்ற திறப்பு எடுப்பதுபோல, இடையூற்றுக்கேற்ற வீரர் வருவார், வெல்வார், போவார். இவற்றைச் சிறுவர் ஒருமுறை வாசிக்கலாம். மறுமுறை வாசிக்க அங்கே ஒன்றுமில்லை.

எமது இலாச்சியில் இருந்தது வேறு வகை. 1961இல் ஸ்ரான் லீ என்பவர் எழுத, ஜாக் கேர்பி என்பவர் வரையத் தொடங்கிய 'ஃபன்ராஸ்ரிக் ஃபோர்' என்னும் நால்வர் கதை அது. (இருவருள் எவர் பங்கு பெரிதென்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அதனுள் நாம் புகவில்லை.) ரீட் றிச்சட்ஸ் என்னும் விஞ்ஞானி, விண்வெளிக்குச் செல்வதில் சோவியத் நாட்டினரை முந்திவிட வேண்டுமென்று அவசரப்படுகின்றான். விண்கதிர்களின் தீமையை எவரும் சரிவர ஆராயவில்லை என்று கலத்தைச் செலுத்தவேண்டிய பென் கிறிம் எச்சரிக்கின்றான். ரீட்டை மணக்கவிருக்கும் சூ என்னும் நங்கை, பென்னைக் கோழையென்று சுடுசொற் கூறுகின்றாள். அவ்வொரு சொல்லுக்காக அவன் கலமேறுகின்றான். கதிர்கள் தாக்குகின்றன. ரீட்டின் உடல் இரப்பர்போல் நீள்கின்றது; சூ கண்ணுக்குப் புலனாகாது மறையும் ஆற்றலைப் பெறுகின்றாள்; அவள் தம்பி ஜொனி தீயாகப் பறக்கின்றான். இம்மூவரும் வேண்டியபோது மனித உருவுக்கு மீளலாம். வேண்டாமென்று சொன்ன பென் மாத்திரம் கல்லுருவாகி அவ்வாறே நின்றுவிடுகின்றான்.

அன்பர்களே, இங்கேதான் எமது கருத்து மாறியது. இந்நால்வரையும் ஒரு கூரையின்கீழ்ப் பிணைத்திருப்பது தமக்குள் ஒருவர் இழைத்த தவறு. ரீட் தன் நண்பனின் முகத்தைக் காணுந்தோறும் தன் அவசரத்தின் பயனையும் காண்கின்றான். அவனை மீட்கும் மருந்தை ஓயாது தேடுகின்றான். பென் சினக்கின்றான், சுவரை இடிக்கின்றான், வீட்டைவிட்டுப் போகின்றேன் என்கின்றான், திரும்பி வருகின்றான். ஜொனியின் குறும்புக்கு அளவில்லை. 1962இல் வந்த ஒன்பதாவது இதழிலே பங்குச் சந்தையில் பணமிழந்து நால்வரும் கடன்காரருக்கு விடை கூறமுடியாது தவிக்கின்றனர். உலகைக் காப்பவர்க்கும் கடன் உண்டு என்ற அந்த இதழை வாசித்தபோது நாம் தனியே இருந்து சிரித்தோம். கூட்டமாக இருப்பவர் யாவரும் ஒற்றுமையாகவே இருப்பரேல் அங்கே கதைக்கு இடமேது? சூதாடிய தமையனின் கைகளை எரிக்கவேண்டுமென்று வீமன் குமுறுகின்ற வேளையிலன்றோ பாண்டவர் ஐவரும் உடன்பிறந்தாராக எமக்குப் புலப்படுகின்றனர்!

1966 ஜூன் மாதத்துக்குரிய ஐம்பத்தோராவது இதழை மாத்திரம் சற்று விரித்துக் கூறுவோம். மாணவன் கொப்பியிலே நாம் கண்ட மழைப் படம் அதன் முதற்பக்கமே. ரீட்டின் புகழைக் கண்டு பொறாமை கொண்ட விஞ்ஞானி ஒருவன் பென்னின் கல்லுருவத்தையும் வலிமையையும் கருவியொன்றாற் கவர்ந்துகொள்ளுகின்றான். பென் பழைய மனிதனாகின்றான். ஓடிச்சென்று தன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுகின்றான். அவர்களோ கல்லுருவினனையே பென்னென்று நம்பி இவனை ஏற்கமறுக்கின்றனர். மனமொடிந்தவன், தான் நேசிக்கும் விழியற்ற சிற்பியான அலிசியாவின் வீடு நோக்கிச் செல்லுகின்றான்.

இதற்கிடையில் ரீட் ஓர் ஆபத்தான ஆராய்ச்சிக்காக வேற்றுவெளியொன்றினுள் இறங்குகின்றான். அவன் உயிர் ஒரு கயிற்றில் இருக்கின்றது; கயிற்றின் மறுமுனை கல்லுருவ வஞ்சகன் கையில் இருக்கின்றது. விட்டுவிட்டாற் போதும், எண்ணம் நிறைவேறிவிடும். ஆயின், பிறர் நன்மைக்காகத் தன்னந்தனியே இறங்கியவனின் துணிவையும், நண்பனென்று தன்னிடமே உயிரை ஒப்படைத்த நம்பிக்கையையும் கண்ட அவன் உள்ளம் நெகிழ்கின்றது. தானும் உட்புகுந்து, ரீட்டை வெளியே எறிந்து காப்பாற்றி, அவ்வெளியிலேயே மடிகின்றான். அவன் பெயர் கதையில் ஓரிடத்தும் கூறப்படவில்லை. அவன் மடிய, அலிசியாவின் வாயிலிலே பென் மீண்டும் கல்லாகின்றான். அவளைக் காணாமலே திரும்புகின்றான். பென் இறந்தான் என்று அழுதுகொண்டிருந்த வீட்டினுள் அவன் நுழைகின்றான்.

இதில் எந்த நகரமும் இடிந்து விழவில்லை. இருபது பக்கத்தில் ஒரு பகைவன் அக்குடும்பத்தில் ஒருவனாக வாழ்ந்து பார்த்தான், அவ்வளவே. கூட்டத்தின் பெருமையைக் கூட்டத்தார் வாயாற் சொல்லாமல், அதை அழிக்கவந்தவன் உயிராற் சொல்லவைத்த திறம் எமக்கு மிகவும் உவப்பாயிருந்தது.

'எக்ஸ்-மென்' வரிசையையும் குறிப்பிடாது விடலாகாது. விற்பனை குன்றிப் பழங்கதைகளையே மறுபதிப்புச் செய்து கிடந்த அதற்கு 1975இல் லென் வீன், டேவ் கொக்ரம் ஆகிய இருவரும் புத்துயிர் அளித்தனர். கென்யாவிலிருந்து ஒருத்தி, சோவியத் நாட்டு உழவன் ஒருவன், ஜேர்மானியன், கனேடியன், ஜப்பானியன் எனப் பலர் சேர்ந்தனர். பின்னர் கிறிஸ் கிளெயர்மொன்ற் எழுத, ஜோன் பேர்ண் வரைந்த காலத்தில், 1980இல் வந்த 137ஆவது இதழ் எம்மை ஓர் இரவு உறங்கவிடவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாகிய ஜீன் கிறே அளவிறந்த ஆற்றலால் மதிமயங்கி, ஓர் உலகின் மக்கள் அனைவரையும் அழித்துவிட்டாள். அவளுயிரைக் கேட்டு வந்தவர்களுடன் மறுநாட் பொருதவேண்டும். முந்திய இரவில் தோழர் ஒவ்வொருவரும் தனித்திருந்து, இவளுக்காக நிற்பது அறமாகுமா என்று தம்மைத் தாமே வினவுகின்றனர். அன்பினால் நின்றனர், ஆயினும் வெல்லவில்லை. அவளே தன்னுயிரை ஈந்தாள். அவள் பிழைத்திருக்கவே முதலில் எழுதியிருந்தனராம். இத்துணைப் பெரும் பாதகம் தண்டனையின்றிப் போகலாகாது என்று தலைமை ஆசிரியராயிருந்த ஜிம் ஷூற்றர் தடுத்தமையால் முடிவு மாறிற்று. ஆறாண்டு செல்லுமுன்னரே, 1986இல், அவளை உயிருடன் மீட்டுக்கொண்டனர். வியாபாரம் அன்றோ! அதனால் அவ்விரவின் கனம் குறைந்துபோனதென்றே எண்ணுகின்றோம்.

வியாபாரத்துக்காகவே கூட்டப்பட்ட கூட்டங்களும் உண்டு. 1984இல் ஒரு பொம்மைக் கம்பனியின் விருப்பத்துக்கிணங்க எல்லா வீரரையும் ஓரிடத்திற் குவித்தனர். அட்டையிலே தலைகள் நிறைந்திருந்தன. வாசித்து முடித்ததும் யார் யாருக்கு என்ன முறை என்று எமக்கு நினைவில்லை.

தகப்பனாரை அழைத்து, நூலை அவர் கையிலே கொடுத்தோம். வகுப்பில் வாசித்தது குற்றந்தான். அதற்கு மகனுக்கு நூறு வரி எழுதக் கொடுத்தாயிற்று என்றோம். அடுப்புக்கு முன் ஐம்பத்தோராவது இதழை மட்டும் தாங்களே வாசித்துப் பாருங்கள் என்று அப்பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டையும் செருகினோம். அவர் ஐயத்தோடுதான் பெற்றுச் சென்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை மாணவனைக் கண்டு, புத்தகம் திரும்பக் கிடைத்ததா என்று வினவினோம்.

"இல்லை சேர். அப்பா இன்னும் வாசிச்சு முடிக்கேல்லையாம்" என்றான்.