முதலில் கால்வாய், பிறகு தார்

கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வழியாக சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலைதான் எங்களுக்கு எல்லாம். 1880-ஐ ஒட்டி லண்டன் கம்பெனிகள் தங்கம் தேடி இங்கே சுரங்கம் வெட்டின. சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போயின. ஆனால் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த எங்கள் பெற்றோர், அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து இந்த ஊர்களை நிலைநிறுத்தினார்கள்.

ஜூன் பிறந்தால் மழை கொட்டும். சாலையோரக் கால்வாயைச் சேறும் கவாத்துக் குச்சிகளும் அடைத்துக்கொள்ள, சரிவில் இறங்கும் தண்ணீர் சாலைமேலேயே ஓடித் தாரின் ஓரத்தை அரிக்கிறது. கொழுந்து லாரி, பள்ளிப் பிள்ளைகள் ஏறும் பஸ், 108 ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தப் பள்ளங்களில்தான் இறங்கி ஏறுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊட்டியில். அதற்குக் கூடலூர் தாண்டி மலைப்பாதையும் ஏற வேண்டும்.

ஆண்டுதோறும் ஒட்டுப்போடுவது வீண் செலவு. மே மாதத்துக்குள் கால்வாயையும் சிறுபாலங்களையும் தூர்வாருங்கள். மண் சரியும் வளைவுகளில் தடுப்புச்சுவர் கட்டுங்கள். அதன்பிறகு தார் போடுங்கள். பிரசவ வலியோடு புறப்படும் பெண் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.