அருவாளுக்கும் இனிஷியல் வேணும்

பேர் வெட்டுறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்ல குடுத்தவர் பேர் இருக்கும். கோயில் டியூப் லைட்டுல வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு உபயதாரர் பேர் இருக்கும் :-). எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுற பெரிய அருவாள்லயும் நேர்ந்தவர் பேர், ஊர் எல்லாம் வெட்டியிருக்கும். அதைக் காய்ச்சி அடிச்ச ஆசாரி பேர்? ம்ஹூம், தேடினாலும் கிடைக்காது.

கொஞ்ச நாளா ஜப்பான் வாள்களைப் பத்திப் படிச்சிட்டிருக்கேன் (வாங்குற அளவுக்குப் பாக்கெட் இல்லை, படிக்கிறதோட சரி). அங்க கைப்பிடிக்குள்ள மறையிற காம்புலதான் கொல்லர் தன் பேரை வெட்டுறார். சிக்கல் என்னன்னா, ஒரே பேர் தலைமுறை தலைமுறையா வரும்.

ஹிசென் நாட்டு ததயோஷி குடும்பத்தை எடுத்துக்குங்க. முதல் ததயோஷி (1572-1632) கடைசிக் காலத்துல, 1624ல், ததஹிரோன்னு பேரை மாத்திக்கிட்டார். மகனும் ததஹிரோ. அவர் 1693 வரைக்கும் இருந்து அடிச்சுத் தள்ளியிருக்கார். பேரனுக்கு மறுபடி தாத்தாவோட பழைய பேர், ததயோஷி. நம்ம ஊர்ல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற அதே கதைதான். ஆக, 'ததஹிரோ'ன்னு பார்த்தா அப்பாவா மகனா, 'ததயோஷி'ன்னு பார்த்தா தாத்தாவா பேரனா? பதில் மாறினா விலையும் எங்கேயோ போயிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? உளி எந்தப் பக்கம் இழுத்திருக்கு, காம்புல அரம் போட்ட கோடு எந்தச் சாய்வு, துரு என்ன நிறம், இரும்போட ரேகை, தோய்ச்சல்ல விளிம்புல விழுந்த அலை, எல்லாத்தையும் பார்ப்பாங்க. குருவுக்காக சிஷ்யன் பேர் வெட்டினதும் உண்டு, சுத்தப் போலியும் உண்டு. 'கோதெட்சு'ன்னு பேர் போட்ட வாளைக் கண்டா முதல்ல போலின்னே நினைக்கணும்பாங்க. ஹோனாமிங்கற குடும்பம் பரம்பரையா இந்த மதிப்பீட்டையே தொழிலா வச்சிருந்தது. அடிச்சது யார், எத்தனை பொற்காசு பெறும்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க.

மூத்ததுதான் ஒசத்தின்னும் கிடையாது. ஒசாகாவுல சுகெஹிரோ குடும்பத்துல ரெண்டாவது தலைமுறைக்காரருக்குத்தான் (1637-1682) பேர் ஜாஸ்தி. பொங்கி வர்ற கடலலை மாதிரி விளிம்புல கொண்டு வந்தவர் அவர். வயசுக்கு இல்லை, கைக்கு மதிப்பு. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். எங்களுக்கு வடக்கே, சிவகங்கை மாவட்டத்துல இருக்கு திருப்பாச்சேத்தி. 2005ல விஜய் படம் வந்ததுல இருந்து ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனா அந்தப் புகழ் ஊர் பேரோடயே நின்னுபோச்சு. எந்தப் பட்டறை, யார் மகன், எந்தக் காலம்? ஜப்பான்காரன் மதிப்பீடு ஆரம்பிக்கிற இடத்துல நாம முடிச்சுக்கிட்டோம்.

நமக்குப் பார்க்கத் தெரியாமலும் இல்லை. சீமைக்கருவேலம் வெட்டுற ஆட்கள்கிட்ட ஒரு அருவாளைக் குடுத்துப் பாருங்க. சுண்டிச் சத்தம் கேப்பாங்க, விளிம்பைக் கட்டைவிரலால தடவுவாங்க, "இது அப்பன் தோய்ச்சல், மகனுக்கு இந்தப் பக்குவம் வராது"ன்னு தீர்ப்பே சொல்லிடுவாங்க. நம்ம ஊர் ஹோனாமி இவங்கதான். என்ன, சீட்டு எழுதலை. அந்தப் பெரியவர் போனா அவரோட அந்தக் கணக்கும் போச்சு.

எழுதாத இடத்துல கதை வந்து உக்காந்துக்குது. பழைய இரும்பு எதைப் பார்த்தாலும் "மருது பாண்டியர் காலத்துது"ன்னு விலை சொல்றவங்க இருக்காங்க. மருது சகோதரர்களைத் தூக்குல போட்டது 1801 அக்டோபர்ல. லாரிப் பட்டையில அடிச்ச அருவாளுக்கு அந்தக் கதை எப்படிங்க ஒட்டும்? அப்ப லாரி ஏது? இன்னொரு பக்கம், நிஜமாவே நல்ல கை அடிச்ச அருவாள் தேய்ஞ்சதும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகுது. ராஜா பேர் இருந்தா லட்சம், ஆசாரி பேர்னா கிலோ கணக்கு.

2023 மே மாசம் லண்டன்ல திப்பு சுல்தான் வாள் 1.4 கோடி பவுண்டுக்குப் போச்சே, அந்த விலையைத் தூக்கினதும் திப்பு பேருதான், அடிச்சவர் பேர் இல்லை.

"வெட்டுக்குத்துச் சாமானுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. அருவாளைத் தூக்கிக்கிட்டு மீசை முறுக்குறதுல எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனா ஒண்ணு பாருங்க, வெட்டினவன் பேர் மறுநாள் பேப்பர்ல வருது. ஆயுசு முழுக்க விறகுக்கும் கதிருக்கும் பாளைக்கும் அருவாள் அடிச்சவர் பேர் எங்கயும் வர்றதில்லை. ஜப்பான்லயும் 1876ல வாளோட வெளிய வரக்கூடாதுன்னு சட்டம் வந்து கொல்லர்கள் பிழைப்பு போச்சு. ஆனா பேரும் பரம்பரையும் பதிவுல இருந்ததால, பின்னால வந்தவங்க விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க முடிஞ்சது. நம்ம பட்டறையில துருத்தி நின்னா, விட்ட இடம் எதுன்னே தெரியாது.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். அடுத்து அருவாள் வாங்கும்போது, பிடி போடுறதுக்கு முன்னாடி ஆசாரிகிட்ட சொல்லி, காம்புல அவர் பேர், அவங்க அப்பா இனிஷியல், ஊர், வருஷம் நாலையும் குத்தி வாங்குங்க. வீட்டுல பழசு கிடந்தா, யார் அடிச்சதுன்னு பெரியவங்களைக் கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. பட்டறைக்கு வேலையும் வரும், நல்லா அடிக்கிறவருக்கு நாலு காசு கூடக் கேக்க வாயும் வரும்.

உங்க ஊர்ல அப்பன் கை, மகன் கைன்னு பிரிச்சுச் சொல்றவங்க இருந்தா, எதை வச்சுச் சொல்றாங்கன்னு கேட்டுப் பதிவாப் போடுங்க மக்களே. கும்மி அடிக்கிறவங்களும் வரலாம், ஆனா அருவா இல்லாம :-)